ஸ்கெட்ச் நோட்டில் இருக்கும் உயிர் பெரிய ஓவியத்தில் எங்கே போகிறது?

வாசகர் ஒருவரின் கேள்வி இதுதான்: ஓர் ஓவியரின் பெரிய கேன்வாஸ்கள் சுவரெல்லாம் தொங்கும் கண்காட்சியில், நடுவே கண்ணாடிப் பெட்டிக்குள் திறந்து வைத்திருக்கும் அவருடைய சின்ன ஸ்கெட்ச் நோட்டுதான் மனதில் தங்குகிறது. ஏன்? வேகமாக வரைந்ததாலா? கூடவே இன்னொன்று: நான் வரைந்த ஸ்கெட்சையே பெரிதாக்கி பெயின்டிங் செய்தால் அது ஏன் செத்துப்போகிறது?

முதலில் வேகத்தைப் பற்றிப் பேசிவிடலாம். எல்லோரும் அங்கேதான் போய் நிற்கிறார்கள். வேகம் காரணம் இல்லை. வேகமாக வரைந்த மோசமான ஸ்கெட்சுகளுக்கு உலகத்தில் பஞ்சமே கிடையாது. ரயில் பெட்டியில் எதிரே தூங்குகிறவரை அரை நிமிடத்தில் வரைந்தால் பெரும்பாலும் வருவது அந்த ஆள் அல்ல. நம் கை ஏற்கெனவே மனப்பாடம் செய்து வைத்திருக்கும் பொதுவான ஒரு 'தூங்கும் ஆள்'. அவசரத்தில் கை தனக்குத் தெரிந்ததைத்தான் போடும். அப்படிப்பட்ட கோட்டில் வேகம் உண்டு, பார்வை இல்லை.

என் கணிப்பு வேறு. நல்ல நோட்டுப் பக்கத்தில், வரைந்தவர் எடுத்த முடிவுகள் மூடப்படாமல் கிடக்கின்றன. எதை முதலில் பார்த்தார், எங்கே தயங்கினார், எதை வேண்டாமென்று விட்டார், எதை இரண்டாம் தடவை திருத்தினார் என்பதெல்லாம் காகிதத்திலேயே இருக்கிறது. பார்க்கிறவருக்கு முடிந்த படம் ஒன்று கிடைப்பதோடு, அது உருவான வரிசையும் கிடைக்கிறது. நாம் அந்தக் கோடுகளை மறுபடி ஒருமுறை மனதுக்குள் போட்டுப் பார்க்கிறோம். முடித்த ஓவியத்திலோ, குறிப்பாக ஐரோப்பிய எண்ணெய் வண்ண மரபில், அந்தத் தடங்களை மூடுவதுதான் கடைசிக்கட்ட வேலையாகவே இருந்தது.

ஒரு படத்தைக் கிட்டப் போய்ப் பார்ப்போம். டச்சு ஓவியர் ரெம்பிராண்ட் 1656 வாக்கில் வரைந்தது, லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கிறது: ஒரு குழந்தை நடை பழகுகிறது. பழுப்பு மை, பேனா, உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரிய தாள், அவ்வளவுதான். ஆங்கில ஓவியர் டேவிட் ஹாக்னி இதைத்தான் இதுவரை வரையப்பட்ட கோட்டுப் படங்களிலேயே மிகச் சிறந்தது என்று பல இடங்களில் சொல்லியிருக்கிறார். அப்படியெல்லாம் முதல் பரிசு கொடுப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை. ஆனால் அவர் ஏன் அப்படிச் சொல்கிறார் என்பது படத்தைப் பார்த்தால் விளங்கும்.

குழந்தையை இரண்டு பேர் இரண்டு பக்கமும் பிடித்திருக்கிறார்கள். எதிரே ஒருவர் குந்தி உட்கார்ந்து இரண்டு கைகளையும் நீட்டி "வா, வா" என்கிறார். பின்னால் ஒரு பெண் பால்வாளியோடு போகிறாள். வாளிக்குள் என்ன இருக்கிறது என்று ரெம்பிராண்ட் வரையவில்லை. ஆனால் அது நிறைந்த வாளி என்று நமக்குத் தெரிகிறது. அவள் உடம்பு சாயும் விதமும், எடைக்கு ஈடுகொடுக்க விரிந்திருக்கும் மறுகையும் அதைச் சொல்லிவிடுகின்றன. எடையை அவர் வாளியில் வரையாமல் தோளில் வரைந்திருக்கிறார். துணிமடிப்புகளுக்குக் கோடு மிகக் குறைவு. குந்தியிருப்பவரின் முதுகு ஏறக்குறைய ஒரே இழுப்பு. மை நிறைந்திருந்த இடத்தில் கோடு தடித்து, தீர்ந்துவரும் இடத்தில் காகிதத்தின் சொரசொரப்பில் உடைந்து போகிறது. பேனாவை எங்கே அழுத்தினார், எங்கே தூக்கினார் என்பதை இன்றைக்கும் விரலால் பின்தொடரலாம். முகங்கள்? இரண்டு மூன்று புள்ளி, ஒரு சின்ன வளைவு. இதற்கு மேல் ஒரு கோடு போட்டிருந்தாலும் படம் கனத்துப் போயிருக்கும்.

இதை வரைய அதிக நேரம் ஆகியிருக்காது. ஆனால் இந்தச் சில நிமிடங்களுக்குப் பின்னால் முப்பது வருடத்துக்கு மேற்பட்ட உழைப்பு நிற்கிறது. இதே விஷயத்தை அவர் இருபது வருடம் முன்பும் சிவப்புச் சாக்கில் வரைந்திருக்கிறார். இரண்டு பெண்கள் ஒரு குழந்தைக்கு நடை பழக்கும் அந்தப் படமும் அதே மியூசியத்தில் உண்டு. சித்திரமும் கைப்பழக்கம் என்று நம் பாட்டி சொன்னதைப் பள்ளிக்கூடச் சுவரில் எழுதிப் போட்டுவிட்டு மறந்துவிட்டோம். யோசிக்காமல் விழுந்ததுபோல் தெரிகிற கோட்டுக்கு முன்னால் யோசித்து விழுந்த கோடுகள் ஆயிரக்கணக்கில் உண்டு.

கருவிக்கும் இதில் பெரிய பங்கு உண்டு. லியனார்டோ டா வின்சி தன் குறிப்புகளில் இளம் ஓவியர்களுக்கு ஓர் அறிவுரை எழுதியிருக்கிறார்: எலும்புத்தூள் பூசிய தாள்களால் ஆன சின்ன நோட்டை எப்போதும் கூடவே வைத்துக்கொள், தெருவில் மனிதர்கள் பேசுவதையும் சண்டை போடுவதையும் சிரிப்பதையும் வெள்ளிமுனைக் கம்பியால் குறித்துக்கொள், அழிக்காதே, நோட்டு தீர்ந்தால் பத்திரமாக எடுத்து வைத்துவிட்டு அடுத்ததை ஆரம்பி என்று. அந்த எலும்புத்தூள் சும்மா இல்லை. அந்தப் பூச்சு இருந்தால்தான் வெள்ளிக் கம்பி கோடு விடும். விட்ட கோடு லேசில் அழியாது. அதாவது ரப்பர் போட முடியாத கருவியை அவர் தெரிந்தே சிபாரிசு செய்கிறார். கோடு தப்பினால் அதன்மேலேயே இன்னொரு கோடு போடு, பழையது கிடக்கட்டும்.

அவருடைய தாள்களிலேயே இதற்குச் சாட்சி இருக்கிறது. கன்னி மரியாளும் குழந்தையும் ஒரு பூனையுமாக அவர் வரைந்து பார்த்த தாள் ஒன்று பிரிட்டிஷ் மியூசியத்தில் உள்ளது. குழந்தை பூனையை இறுக்கிப் பிடிக்கிறது, பூனை நழுவப் பார்க்கிறது. ஒரே இடத்தில் கோட்டின்மேல் கோடாகக் குவிந்து, கால் எது வால் எது என்று பிரித்தெடுக்க முடியாத ஒரு கொந்தளிப்பு. பிறகு தாளைத் திருப்பி, வெளிச்சத்தில் ஊடே தெரிந்த கோடுகளில் தனக்கு வேண்டியதை மட்டும் பின்பக்கத்தில் எடுத்திருக்கிறார். முன்பக்கம் தேடல், பின்பக்கம் தேர்வு. பூனையோடு மரியாள் இருக்கும் முடித்த ஓவியம் எதுவும் அவருடையதாக நம்மிடம் இல்லை. இருந்திருந்தாலும் அந்தப் பூனை இந்தத் தாளில் துள்ளுகிற அளவுக்கு அதில் துள்ளியிருக்குமா என்பது சந்தேகம்தான்.

இங்கே ஒரு இடைச்செருகல். ஓவியர் ஆதிமூலம் 1969இல் காந்தி நூற்றாண்டை ஒட்டி வரைந்த காந்தி படங்களை நம்மில் பலர் 'ஸ்கெட்ச்' என்றே சொல்கிறோம். அவை நோட்டுக் குறிப்புகள் அல்ல. கோட்டையே மொழியாகக் கொண்டு செய்த முழுப் படைப்புகள். கோடு மட்டும் இருப்பதாலேயே ஒரு படம் ஸ்கெட்ச் ஆகிவிடாது. நாம் பேசிக்கொண்டிருப்பது யாருக்கும் காட்டும் உத்தேசம் இல்லாமல், தனக்கே தனக்காகப் போட்ட கோடுகளைப் பற்றி.

அந்த 'யாருக்கும் காட்டும் உத்தேசம் இல்லாமல்' என்பது முக்கியம். ஆங்கில நிலக்காட்சி ஓவியர் டர்னர் இறந்தபோது அவருடைய ஸ்டூடியோவில் இருந்தவை வழக்கு விவகாரமெல்லாம் முடிந்து பிரிட்டிஷ் தேசத்துக்குப் போய்ச் சேர்ந்தன. அதில் ஸ்கெட்ச் நோட்டுகள் மட்டும் சுமார் 300. இப்போது லண்டன் டேட் அருங்காட்சியகத்தில் உள்ளன. புரட்டிப் பார்த்தால் மலைக்கோடு, படகுக் கயிறு, செலவுக் கணக்கு, பாதியில் நின்ற கவிதை எல்லாம் கலந்து கிடக்கும். பார்வையாளருக்கு எதையும் விளக்க வேண்டிய அவசியம் அவருக்கு இல்லை. கோபுரத்தின் ஒரு பக்கத்தை வரைந்துவிட்டு மறுபக்கமும் அதே மாதிரிதான் என்று தெரிந்தால் அங்கேயே நிறுத்திவிடுவார். பாக்கியை நம் கண் நிரப்பிக்கொள்கிறது. அப்படி நிரப்பும் வேலையில் நாமும் பங்காளி ஆகிவிடுவதால்தான் படம் நமக்கு நெருக்கமாகிறது.

ஆனால் நெருக்கமாக இருப்பது வேறு, நம்பத்தகுந்ததாக இருப்பது வேறு. அதே டர்னரின் நோட்டு ஒன்றில் தீப்பிடித்து எரியும் கட்டடத்தை வாட்டர் கலரில் போட்ட ஒன்பது பக்கங்கள் உண்டு. ஈரம் காய்வதற்குள் அடுத்த பக்கத்துக்குப் போயிருக்கிறார். அதனால் சிவப்பும் மஞ்சளும் எதிர்ப் பக்கங்களில் ஒட்டிக் கறையாகப் படிந்திருக்கின்றன. இதைவிட உடனடியான ஸ்கெட்ச் எங்கே கிடைக்கும்? 1834 அக்டோபர் 16 இரவு லண்டன் பாராளுமன்றம் எரிந்தபோது வரைந்தது என்றே நெடுங்காலம் எல்லோரும் நம்பினார்கள். அதை வைத்துப் பக்கம் பக்கமாக எழுதவும் செய்தார்கள். பின்னால் டேட்டின் ஆய்வாளர்கள் நோட்டையும் கட்டட அமைப்பையும் மறுபடி ஆராய்ந்து, அது 1841இல் லண்டன் டவர் வளாகத்தின் ஆயுதக் கிடங்கு எரிந்த காட்சி என்ற முடிவுக்கு வந்தார்கள். தலைப்பே மாறிவிட்டது. வெக்கை முகத்தில் அடிக்கிற மாதிரி வரைந்திருக்கிறார். எந்தக் கட்டடம் என்று மட்டும் படத்திலிருந்து சொல்ல முடியவில்லை. ஸ்கெட்ச் நோட்டு அப்படித்தான். தீ எப்படி இருந்தது என்று சொல்லும், முகவரி சொல்லாது.

இனி பிரெஞ்சு ஓவியர் டெலக்ருவா. உங்கள் இரண்டாவது கேள்விக்கு அவரைவிட நல்ல ஆள் கிடையாது.

1832 ஜனவரியில் பிரெஞ்சுத் தூதர் மோர்னே பிரபு மொராக்கோ சுல்தானைப் பார்க்கக் கிளம்பினார். டெலக்ருவாவும் கூடப் போனார். அதற்கு முன் வட ஆப்பிரிக்காவையே பார்த்ததில்லை. ஆனால் கிழக்கத்திய விஷயங்களைப் பாரிஸில் உட்கார்ந்துகொண்டே கற்பனையில் பெரிது பெரிதாக வரைந்து பெயர் வாங்கியிருந்தவர். மொராக்கோவின் துறைமுகமான டான்ஜியரில் இறங்கியதும் அந்தக் கற்பனை தள்ளிப்போய்க் கண்ணும் நோட்டும் முந்திக்கொண்டன. டான்ஜியரிலிருந்து மெக்னேஸுக்கு நிலவழியாகப் போய், மார்ச் 22 அன்று சுல்தான் முன்னிலையில் நின்று, டான்ஜியருக்கே திரும்பி, இடையில் ஸ்பெயினுக்கும், கடைசியாக அல்ஜியர்ஸுக்கும் போய், ஜூலையில் பிரான்ஸ் வந்து சேர்கிறார். இந்த ஆறு மாதத்தில் நோட்டு நோட்டாக நிரப்பித் தள்ளினார். தப்பிப் பிழைத்தவற்றில் சில லூவ்ரில் இருக்கின்றன, ஒன்று ஷான்டிலியில் இருக்கிறது.

அந்தப் பக்கங்களில் எழுத்தும் படமும் தனித்தனியாக இல்லை. ஒரு நுழைவாசல், அதன் நிழலில் இரண்டு பேர், ஓரத்தில் ஒட்டகச் சேணம், அதற்குக் கீழே அன்றைய பயணத்தைப் பற்றி நாலு வரி. வண்ணம் தீட்ட நேரம் இல்லாத இடத்தில் நிறத்தை எழுத்திலேயே குறித்துவிடுவார்: இந்தத் துணி இன்ன நிறம், நிழலில் இப்படித் தெரிகிறது என்று. கைக்கு நேரம் போதாதபோது சொல் வந்து உதவுகிறது; சொல் போதாதபோது ஒரு துளி வாட்டர் கலர். எது சீக்கிரம் பிடிக்குமோ அது. படம் வரையும் நோட்டு இப்படித்தான் இருக்க வேண்டும் என்ற எண்ணமே அங்கே இல்லை.

பயணத்தின்போது வரைந்தது அவ்வளவு சுலபமாகவும் நடக்கவில்லை. அந்நியன் ஒருவன் தங்களை வரைவதை அங்கே பலர் விரும்பவில்லை. முஸ்லிம் பெண்களை வரைவது முடியாத காரியம். டான்ஜியரில் பிரெஞ்சுத் தூதரகத்தில் மொழிபெயர்ப்பாளராக இருந்த யூதரான ஆப்ரஹாம் பென்ஷிமோல் வழியாகத்தான் யூதக் குடும்பங்களுக்குள் போக முடிந்தது. அப்படிப் போன ஒரு கல்யாண வீட்டில் பார்த்ததையெல்லாம் நோட்டில் எழுதி வைத்தார். அல்ஜியர்ஸில் ஒரு வீட்டின் அந்தப்புரத்துக்குள் நுழைய வாய்ப்புக் கிடைத்தது. அங்கே வரைந்த வாட்டர் கலர்களில் அந்தப் பெண்களின் பெயர்களையும், உடைகளின் நிறங்களையும் குறித்திருக்கிறார். அந்தச் சின்னத் தாள்களில் இருக்கும் பெண்கள் உட்காரத் தெரிந்த விதத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள்: ஒரு முழங்கால் மடங்கி, இன்னொன்று தளர்ந்து, எதிரே இருக்கும் அந்நியனைப் பொருட்படுத்தாமல்.

இதிலிருந்துதான் 1834இல் 'அல்ஜியர்ஸ் பெண்கள்' என்ற பெரிய ஓவியம் வந்தது. அற்புதமான ஓவியம், சந்தேகமே இல்லை. வண்ணத்துக்காக அதன் முன்னால் ஒரு நாள் முழுக்க நிற்கலாம். ஆனால் நோட்டில் பெயரோடு இருந்த பெண்கள் கேன்வாஸில் பெயரில்லாத அழகிகள் ஆகிவிட்டார்கள். தாளில் உட்கார்ந்திருந்தவர்கள் கேன்வாஸில் 'போஸ்' கொடுக்கிறார்கள். மேலே ஒரு திரை, பின்னால் திரும்பிப் போகும் ஒரு கறுப்பினப் பணிப்பெண், நாடக மேடைபோல ஓர் ஒழுங்கு. பார்ப்பவர் பாரிஸில் இருக்கிறார் என்பது ஓவியத்துக்குத் தெரிந்திருக்கிறது. நோட்டுக்கு அது தெரியாது.

இதை வைத்து "பார்த்தீர்களா, ஸ்கெட்சே உசத்தி" என்று முடித்துவிடலாம்தான். டெலக்ருவாவே ஒத்துக்கொள்ள மாட்டார். 1853இல் தன் நாட்குறிப்பில் அவர் எழுதுவது நேர் எதிர்: ஆப்பிரிக்கப் பயணத்திலிருந்து உருப்படியாக ஏதாவது செய்ய முடிந்தது, சின்னச் சின்ன விவரங்கள் மறந்து, மனதைத் தைத்ததும் கவித்துவமானதும் மட்டும் மிஞ்சிய பிறகுதான், அதுவரைக்கும் துல்லியத்தின் மோகம் என்னைத் துரத்திக்கொண்டே இருந்தது என்கிற அர்த்தத்தில் எழுதுகிறார். அந்தக் கல்யாணத்தை ஓவியமாக்கி அவர் காட்சிக்கு வைத்தது 1841இல். சுல்தானை வரைந்த பெரிய ஓவியத்தை முடித்தது 1845இல், பார்த்துப் பதின்மூன்று வருடம் கழித்து. நோட்டு கையில் இருந்தும் அவர் மறதிக்காகக் காத்திருந்தார். நாலாவது மாடியிலிருந்து விழுகிறவன் தரைக்கு வருவதற்குள் அவனை வரைந்துவிடத் தெரியாதவனால் பெரிய ஓவியங்கள் செய்ய முடியாது என்று ஓர் இளைஞனிடம் சொன்னதும் இவர்தான். கவிஞர் பாதலேர் அதைப் பதிவு செய்திருக்கிறார். அந்த வாக்கியத்தின் முன்பாதியை மட்டும் வெட்டி மேற்கோள் காட்டுவது வழக்கமாகிவிட்டது. பின்பாதியைப் பாருங்கள்: அவருக்கு வேகம் பெரிய ஓவியத்துக்கான தகுதி, பெரிய ஓவியத்துக்குப் பதில் அல்ல.

ஆங்கிலச் சிற்பி ஹென்றி மூர் இந்த விவாதத்தை இன்னும் சிக்கலாக்குகிறார். 1940 செப்டம்பரில் லண்டன்மேல் குண்டு விழ ஆரம்பித்ததும் மக்கள் இரவில் சுரங்க ரயில் நிலையங்களில் போய்ப் படுத்தார்கள். மூர் அதைப் பார்த்து வரைந்த இரண்டு நோட்டுகள் புகழ்பெற்றவை. ஒன்று பிரிட்டிஷ் மியூசியத்தில் உள்ளது. கருமையான சுரங்கம், போர்வைக்குள் வரிசை வரிசையாக உடல்கள், திறந்த வாய்கள். அங்கேயே உட்கார்ந்து நடுங்கும் கையோடு வரைந்ததுபோல இருக்கும். உண்மையில் அவர் அங்கே வரையவில்லை. பெண்கள் உடை மாற்றுகிறார்கள், குழந்தைகளைத் தூங்கவைக்கிறார்கள், அவர்கள் முன்னால் நோட்டை விரிப்பது தகாது என்று பட்டது அவருக்கு. ஓரமாக ஒதுங்கிப் போய்ச் சில வார்த்தைகளைக் குறித்துக்கொண்டு, மறுநாள் வீட்டில் நினைவிலிருந்து வரைந்தார். மலிவான மெழுகுக் கிரேயானால் உருவத்தைப் போட்டு அதன்மேல் வாட்டர் கலரைக் கழுவிவிட்டால், மெழுகு இருக்கும் இடத்தில் நிறம் ஒட்டாமல் வழிந்துவிடும். அந்தப் பேய்வெளிச்சம் அப்படி வந்ததுதான். அடுத்தபடி மையால் ஓரங்களை இறுக்கினார்.

ஆக அந்த இடத்தில் நின்று வரைவதும் கட்டாயமில்லை. தாளில் கை எடுத்த முடிவு தாளிலேயே இருந்தால் போதும். மெழுகும் அழிக்க முடியாத கருவிதான் என்பதைக் கவனியுங்கள். எங்கே தேய்த்தீர்களோ அங்கே வெளிச்சம் நின்றுவிடும், திருத்த வழியில்லை.

நம் பக்கத்தில் இதைவிடக் கனமான உதாரணம் வங்கப் பஞ்சம். 1943இல் கல்கத்தா ஓவியப் பள்ளியில் ஆசிரியராக இருந்த ஜைனுல் ஆபெதின், சோறு தேடி நகரத் தெருக்களுக்கு வந்து விழுந்தவர்களை வரைந்தார். கறுப்பு மை, தூரிகை, பொட்டலம் கட்டும் மலிவுக் காகிதம். போர்க்காலத்தில் நல்ல காகிதம் எங்கே கிடைத்தது? காய்ந்த தூரிகை அந்தக் காகிதத்தில் இழுபடும்போது கோடு பிய்ந்து போகிறது. விலா எலும்புக்கும் காக்கைக்கும் ஒரே மாதிரிப் பிய்ந்த கோடு. தரை இல்லை, தெரு இல்லை, பின்னணி இல்லை. வரைய நேரமில்லாமல் விட்டதா, வேண்டாமென்று விட்டதா என்று கேட்டால் இரண்டும்தான். எண்ணெய் வண்ணத்தில் நிதானமாகச் செய்திருந்தால் ஆபாசமாகியிருக்கும். பசியில் விழுந்து கிடப்பவரின் தோலில் வெளிச்சம் எப்படி விழுகிறது என்று ரசித்து மெருகேற்ற யாருக்கு மனசு வரும்?

வங்க ஓவியர் சித்தபிரசாத் அதே 1943 நவம்பரில் மிட்னாப்பூர் மாவட்டத்துக்குப் போய், ஊர் ஊராகச் சுற்றி வரைந்தும் எழுதியும் வந்தார். யார், எந்த ஊர், என்ன ஆனார்கள் என்று படத்தோடு எழுதி வைத்தார். அவை 'ஹங்க்ரி பெங்கால்' என்ற சிறு நூலாக வந்தன. ஆங்கில அரசு பிரதிகளைப் பறிமுதல் செய்து அழித்தது. 5,000 பிரதிகள் என்பார்கள். குடும்பத்தார் வசம் தப்பிய ஒரு பிரதியிலிருந்து 2011இல் மறுபதிப்பு வந்தது. டர்னரின் தீயைப் பற்றி மேலே சொன்னது நினைவிருந்தால், சித்தபிரசாத் செய்தது என்னவென்று புரியும்: ஸ்கெட்ச் முகவரி சொல்லாது என்பது அவருக்குத் தெரிந்திருந்தது, அதனால் முகவரியைக் கையால் எழுதிச் சேர்த்தார். எந்த ஊர், எந்தக் கட்டடம் என்று பின்னால் வரும் ஆய்வாளர் தேட வேண்டிய நிலையை அவர் வைக்கவில்லை.

இப்போது உங்கள் இரண்டாவது கேள்வி. பெரிதாக்கும்போது ஏன் சாகிறது? நீங்கள் பெரிதாக்குவது முடிவின் விளைவை, முடிவை அல்ல. நோட்டில் ஒரு முதுகை ஒரே இழுப்பில் போட்டபோது உங்கள் கண் அந்த ஆளின்மேல் இருந்தது. கட்டம் போட்டோ புரொஜெக்டர் வைத்தோ அதை நாலடி கேன்வாஸுக்கு மாற்றும்போது கண் அந்தக் கோட்டின்மேல் இருக்கிறது. ஆள் எழுந்து போய்விட்டார். அங்கே பார்ப்பதற்கு யாரும் இல்லை, நகல் எடுப்பதற்கு ஒரு கோடு மட்டும் இருக்கிறது. உடம்பும் மாறிவிடுகிறது. நோட்டில் விரலும் மணிக்கட்டும் போட்ட வளைவை கேன்வாஸில் தோளால் போட வேண்டும். விரல் போட்ட நடுக்கத்தைத் தோள் நடித்துக் காட்டினால் பொய் பளிச்சென்று தெரியும்.

ஆங்கில நிலக்காட்சி ஓவியர் கான்ஸ்டபிள் இந்தச் சிக்கலோடு மல்லுக்கட்டினார். அவருடைய 1813, 1814ஆம் வருட நோட்டுகள் உள்ளங்கையில் அடங்குபவை. விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் மியூசியத்தில் இருக்கின்றன. அவற்றில் தபால் தலையைவிடக் கொஞ்சம் பெரிதாக மரங்கள், படகுகள், வேலியோரங்கள். இதிலிருந்து ஆறடிக் கேன்வாஸுக்கு எப்படிப் போவது? அவர் கண்டுபிடித்த வழி விசித்திரமானது, செலவும் அதிகம்: இறுதி ஓவியத்துக்கு முன்னால் அதே ஆறடி அளவில் எண்ணெய் வண்ணத்திலேயே ஒரு முழு ஸ்கெட்ச். 'ஹே வெயின்' ஓவியத்துக்கு (1821) அப்படிப்பட்ட ஸ்கெட்ச் அதே மியூசியத்தில் உண்டு; முடித்த ஓவியம் நேஷனல் காலரியில். இரண்டு படங்களையும் திரையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஸ்கெட்சில் கேன்வாஸின் பழுப்பு அடித்தளம் பல இடங்களில் அப்படியே தெரிகிறது, மரத்தின் இலைகள் கத்தியால் அப்பியதுபோலக் கிடக்கின்றன. கரையில் நாய்க்குப் பக்கத்தில் குதிரையோடு நிற்கும் ஆள் இறுதி ஓவியத்தில் இல்லை. அதாவது பெரிய அளவிலும் அவர் முடிவெடுத்துக்கொண்டே இருந்தார். சின்னதிலிருந்து நகல் எடுக்கவில்லை. இன்றைய கண்ணுக்கு ஸ்கெட்ச்தான் நவீனமாகப் படும். அவர் அதை விற்பனைக்கு வைத்ததே இல்லை. இறுதி ஓவியம் 1824இல் பாரிஸ் போய்த் தங்கப் பதக்கம் வாங்கியது. அங்கே அதைப் பார்த்துவிட்டு, தன் ஓவியத்தைக் கண்காட்சி திறப்பதற்குள் நம் டெலக்ருவா திருத்தினார் என்பார்கள்.

ஆக வழி இரண்டு தெரிகிறது. கான்ஸ்டபிள் வழி: பெரிய அளவிலேயே மறுபடி ஸ்கெட்ச் செய். டெலக்ருவா வழி: நோட்டை மூடிவைத்து, மறந்து, மிஞ்சியதை வரை. புரொஜெக்டர் வழி மூன்றாவது; அதைத்தான் பலரும் எடுக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. நிழற்படத்திலிருந்து வரைகிறவர்களுக்கு அது பயன்படலாம், ஸ்கெட்சிலிருந்து வருகிறவர்களுக்கு ஆகாது.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். இன்றைக்கு ஸ்கெட்ச் நோட்டே காட்சிப்பொருள் ஆகிவிட்டது. 2007இல் சியாட்டிலில் தொடங்கிய 'அர்பன் ஸ்கெட்ச்சர்ஸ்' இயக்கம் ஊர் ஊராகப் பரவி, இடத்தில் உட்கார்ந்து வரைவதை மறுபடி மரியாதைக்குரியதாக்கியது. அதற்கு நன்றி சொல்ல வேண்டும். வரைந்ததை இணையத்தில் பகிர்வதும் அவர்கள் கொள்கையிலேயே உண்டு. அதில் தப்பில்லை. ஆனால் பக்கத்தை வரையும்போதே 'போஸ்ட்' மனதில் வந்துவிட்டால், இரண்டு பக்கத்துக்கும் பரவும் அழகான கோபுரம், ஓரத்தில் அலங்கார எழுத்தில் ஊர்ப்பெயர், வேண்டுமென்றே தெறிக்கவிட்ட இரண்டு சொட்டு வாட்டர் கலர் என்று வந்து நிற்கும். அந்தத் தெறிப்பும் அலங்காரம்தான். டர்னர் நோட்டின் கறை தானாகப் பட்டது, இது பட்டதாகக் காட்டுவது. அந்த மாதிரிப் பக்கங்களை வெறுக்கவில்லை. அவை சின்ன அளவில் முடித்த ஓவியங்கள், அவ்வளவே. காட்டுவதற்கு ஒரு நோட்டு, காட்டாமல் இருக்க ஒரு நோட்டு என்று இரண்டாக வைத்துக்கொள்வது நல்லது. இரண்டாவதன் விலை எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது. விலை உயர்ந்த தாளில் யாருக்கும் கை கூசும்.

கருவி எது என்று கேட்பீர்கள், எல்லோரும் கேட்பார்கள். ஜெல் பேனாவோ சாதாரண பால்பாயின்ட்டோ போதும்; பென்சில் வேண்டாமென்று சொல்ல மாட்டேன், ரப்பர் வேண்டாம். வரையப்பட வேண்டிய ஆள் கிளம்பிவிட்டால் படத்தை அங்கேயே விட்டுவிடுங்கள், வீட்டுக்கு வந்து மீதிக் காலை வரைந்து முடிக்காதீர்கள். ஞாபகத்திலிருந்து வரைய வேண்டுமென்றால் மூர் மாதிரி அடுத்த பக்கத்தில் புதிதாக வரையுங்கள். டர்னர் நோட்டுகளை டேட் தன் தளத்தில் பக்கம் பக்கமாக இலவசமாகப் போட்டிருக்கிறது, வெற்றுப் பக்கமும் அட்டையும் உட்பட. நல்ல பக்கங்களை மட்டும் பொறுக்காமல் ஒரு நோட்டை முதலிலிருந்து கடைசிவரை புரட்டுங்கள். பெரும்பாலானவை சுமாரான பக்கங்கள்தான்.